காப்புக்கு வெளியே ஒருவர்

அமெரிக்காவில் ஏதோ விழுந்துவிட்டது என்றுதான் எங்கள் மலையில் முதலில் பேசிக்கொண்டார்கள். என்ன விழுந்தது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. ஆலங்காயம் போய் வந்த ஒருவர் பாங்கு விழுந்துவிட்டது என்றார். சரியாகக் கட்டியிருக்க மாட்டார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். எங்கள் பள்ளிக்கூடத்துச் சுவர்கூட முந்தின மழையில் விழுந்திருந்தது. அதனால் யாருக்கும் வேலை போகவில்லை. ஆனால் அந்தப் பாங்கு விழுந்ததில் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்த என் அப்பாவுக்கு வேலை போய்விட்டது. அவ்வளவு தூரத்தில் விழுந்த சுவர் எப்படி இவர் தலையில் விழுந்தது என்பது எனக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை.

கார்த்திகை மழையோடு வந்து சேர்ந்தார். கையில் ஒரு மூட்டை, மூட்டை முழுக்கக் கம்பெனி கழித்துப் போட்ட பனியன்கள். ஒன்றில் ஒரு கை நீளம், இன்னொன்றில் எழுத்து தலைகீழ். ஊர் ஆண்களில் பாதிப் பேர் அந்த வருஷம் முழுக்க அதைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஊர்க்கவுண்டர் நெஞ்சில் ஒரு வெள்ளைக்காரி சிரித்துக்கொண்டிருந்தாள். பஞ்சாயத்துக்கும் அவர் அவளோடுதான் உட்கார்ந்தார்.

அப்பாவின் நகக்கண்களில் நீலச் சாயம் ஏறியிருந்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அவர் வீட்டில் இருப்பது எனக்குப் பழக்கமில்லை. பொங்கலுக்கு வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போகிறவர் அவர். இப்போது காலையிலும் இருந்தார், மத்தியானமும் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் கிடந்த கல்லில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "சாப்ட்டியா?" என்பார். "சாப்ட்டேன்" என்பேன். அத்தோடு முடிந்தது எங்கள் பேச்சு.

எனக்கு அப்போது வேறு கவலை. தை பிறந்தால் அம்மா போய்விடுவாள்.

எங்கள் மலையில் சாமையும் கேழ்வரகும் அறுத்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. புளி உலுக்க இன்னும் நாளாகும். அந்த இடைவெளியில்தான் என் மாமா லாரியோடு வருவார். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், எங்கள் ஊரிலேயே பிறந்தவர், குடகுப் பக்கத்துக் காபித் தோட்டங்களுக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி. அம்மாவும் ஊர்ப் பெண்களும் அந்த லாரியில் ஏறிப் போய்ப் பழம் பறித்துவிட்டுப் பங்குனியில் திரும்புவார்கள். அதுவரைக்கும் நான் பள்ளிக்கூடத்து ஆஸ்டலில்.

ஆஸ்டலைப் பற்றிக் குறை சொல்லக் கூடாது. சோறு போட்டார்கள், பாய் கொடுத்தார்கள். சாயங்காலம் மணி அடித்ததும் வீட்டுக்குப் போகிற பிள்ளைகள் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். கேட்டை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பெரிய மைதானத்தில் நாங்கள் சில பேர்தான். அந்த நேரத்தை என்னால் தாங்கவே முடியாது. மற்ற பிள்ளைகள் கல்லாங்காய் ஆடுவார்கள். நான் ஆட மாட்டேன், கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

கிளம்புகிற அன்றைக்கு அம்மா எனக்குத் தலை பின்னிவிடுவாள். எண்ணெய் வழிய வழியத் தேய்த்து, கண் மேலே இழுத்துக்கொள்ளும் அளவுக்கு இறுக்கிப் பின்னுவாள். அப்படிப் பின்னினால்தான் நாள்பட நிற்கும். அந்தப் பின்னலை நான் அவிழ்க்க விடமாட்டேன். அழுக்கேறி, பிசுபிசுத்து, பேன் பிடித்து, கடைசியில் ஆஸ்டல் ஆயா என்னைக் காலுக்கிடையில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு அதை அவிழ்ப்பாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனால் அம்மா கை பட்டது அதோடு போய்விடும். நான் கத்துகிற கத்தலில் சமையல்கட்டிலிருந்து ஆள் ஓடிவருவார்கள்.

ஆகவே, மேலே குட்டையைத் தூர் வாரப் போகிறார்கள், கவர்மெண்டு கூலி கொடுக்கும், ஊரைவிட்டு எங்கும் போக வேண்டாம் என்று செய்தி வந்தபோது, அதில் மற்றவர்களுக்கு என்ன கிடைத்ததோ எனக்குத் தெரியாது. எனக்கு அம்மா கிடைத்தாள்.

அதை எல்லோரும் நூறு நாள் வேலை என்றார்கள். கீழிருந்து ஓர் அக்கா வந்து டேப் பிடித்து ஆளுக்கொரு கட்டம் அளந்து கொடுப்பார். ஆண்கள் வெட்ட, பெண்கள் இரும்புச் சட்டியில் மண்ணை வாங்கிக் கரையில் கொட்டுவார்கள். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிவதற்காக நடுவில் ஒரு திட்டை மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக அங்கே போய் அந்தத் திட்டின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். குழி ஆழமாக ஆக என் இடம் உயரமாகிக்கொண்டே போயிற்று. அங்கிருந்து பார்த்தால் சும்மாட்டின் மேல் சட்டியோடு அம்மா கரையேறுவதும் இறங்குவதும் தெரியும். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் என்னைப் பார்ப்பாள். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆனால் அந்த வேலை பலருக்குப் பிடிக்கவில்லை. இது எனக்குப் பெரிய ஆச்சரியம். பெண்கள் மண் சுமப்பதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று நான் நினைத்தேன்.

முதலில் எங்கள் வாத்தியார். அவர் சந்தவாசல்காரர், திங்கட்கிழமை மலையேறினால் வெள்ளிக்கிழமைதான் இறங்குவார். ஒருநாள் வகுப்பில், யார் யார் அம்மா அந்த வேலைக்குப் போகிறார்கள், கையைத் தூக்குங்கள் என்றார். பெருமையாகத் தூக்கினோம்.

"அதான் பாரு. எங்க நெலத்துல மல்லாட்ட புடுங்க ஒரு ஆள் வரமாட்டேங்குது. எல்லாம் மரத்தடியில குந்திக்கினு கூலி வாங்குறாங்க. நாட்டையே சோம்பேறி ஆக்கிடுவானுங்க" என்றார்.

தூக்கிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே வைத்திருந்தேன். அவர் சொன்னதில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை பிடுங்க ஆள் இல்லை என்பது மட்டும்தான் உண்மை என்று இப்போது தெரிகிறது. அப்போது, அம்மா எந்த மரத்தடியில் உட்கார்ந்தாள், நான் பார்க்காமல் எப்போது உட்கார்ந்தாள் என்றுதான் யோசித்தேன். எங்கள் குட்டைக்கரையில் மரமே கிடையாது.

இரண்டாவது, வீட்டுக்குள்ளேயே இருந்தார். அப்பா.

"மண்ணு சொமந்துட்டு வர்றதுக்குப் பேரு வேலையா? மரத்தடி கூலின்னு ஊரே சிரிக்குது" என்றார் ஒருநாள். ஊர் சிரிக்கவில்லை. ஊர் முழுக்கக் குட்டையில்தான் இருந்தது. சிரித்தது ரேடியோவில் பேசியவர்களும் எங்கள் வாத்தியாரும்தான்.

அம்மா கேழ்வரகுக் களியைக் கிண்டிக்கொண்டே, "நீயும் வந்து குந்திப் பாரேன். நெழலு நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

மறுநாள் வந்தார். ஒரு வீறாப்பில் மண்வெட்டியை வாங்கி வெட்டினார். பத்து வருஷம் சாயத்தொட்டியில் துணி புரட்டின கை அது. வெயில் ஏறுவதற்குள் உள்ளங்கை கொப்புளித்து உடைந்துவிட்டது. அப்படியும் நிறுத்தவில்லை. கட்டம் ஓரத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, முறைக்காரர்களைக் கேலி செய்கிற சிரிப்புதான். "திருப்பூர் தொரைக்குத் தண்ணி குடுங்கடி!" அம்மாவும் சிரித்தபடி வந்து அவர் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி மீதிக் கட்டத்தை அவளே வெட்டி முடித்தாள். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகு அவர் அந்த வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேவலமாகப் பேசவில்லை. அந்தப் பக்கம் வரவும் இல்லை. வாசல் கல்தான்.

மூன்றாவது மாமா. அவர் கோபத்துக்குக் காரணம் தெளிவாக இருந்தது. ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரிக்கு ஆள் இல்லை. பொங்கலுக்கு வந்தவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். "இங்கயே வேல இருக்குதுங்களே" என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கடைசியில் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தக் கவர்மெண்டு வேல எத்தினி நாளுக்கு? நாளைக்கே ஊத்தி மூடுவான். நீ கெளம்பு தங்கச்சி. என் கூடப்பொறந்தவளே வரலன்னா வேற எவ வருவா? என் மூஞ்சிக்கு இன்னா மருவாத?"

அம்மா அண்ணனை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாதவள். என்னை ஒருமுறை பார்த்தாள்.

"இருக்கட்டும், இந்த வேல நிக்கட்டும். அப்ப நீ வந்துதான் ஆவணும்" என்று எழுந்து போனார். வேலை எப்படி நிற்கும் என்பதை அவர் அப்போதே யோசித்து வைத்துவிட்டார். வாசலில் அப்பாவிடம் நின்று நெடுநேரம் குசுகுசுவென்று பேசிவிட்டுத்தான் போனார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த வார ஊர்க்கூட்டத்தில் மாமா எழுந்து கையைக் கூப்பினார்.

"போன வருஷம் அம்மனுக்குப் பொங்கல ஒழுங்கா வெச்சமா? வெக்கல. புளி காய்ச்சிதா? காய்க்கல. திருப்பூர்ல வேல போச்சி. அமெரிக்காவே வுழுந்துபோச்சி. இதுக்கு மேல இன்னா வோணும்ங்க?"

"அமெரிக்கா நம்ம அம்மன் எல்லைக்குள்ளயா வருது?" என்று ஊர்க்கவுண்டர் சந்தேகம் கேட்டார்.

"அம்மனுக்கு ஏதுங்க எல்ல?" என்றார் மாமா. "திருவிழாவுக்குப் பங்குனி வரைக்கும் இன்னாத்துக்கு? இப்பவே காப்பு கட்டுங்க. கெடா நான் வாங்கித் தரேன்."

கிடா என்றதும் கூட்டம் கலகலப்பாகிவிட்டது. அமெரிக்காவை எங்கள் அம்மன் தூக்கி நிறுத்துவாளா என்பதைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் கவலைப்படவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை காப்பு என்று முடிவாயிற்று.

மாமாவின் சூழ்ச்சி இதுதான். எங்கள் ஊரில் காப்பு கட்டிவிட்டால் எட்டு நாளைக்கு மண்ணில் இரும்பு படக் கூடாது. ஏர் கிடையாது, மண்வெட்டி கிடையாது. அப்படியானால் குட்டை வேலையும் கிடையாது. யாரும் வேலைக்கு வராமல் குட்டை வெறுமனே கிடந்தால் வேலையைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று டேப் அக்கா முன்னமே சொல்லியிருந்தார். கையில் வேலையில்லாமல் குந்தியிருக்கும் சனம் லாரியைப் பார்த்ததும் தானாக ஏறும். அவர் தோட்டத்து முதலாளிக்குப் போன் போட்டு, காப்பு கட்டி வருகிற வெள்ளிக்கிழமை லாரி அனுப்புங்கள், ஆள் தயார் என்று சொல்லியும் விட்டாராம்.

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா ஆலங்காயம் கிளம்பினார். திருப்பூர் கம்பெனி திறந்துவிட்டதா என்று போன் போட்டுக் கேட்கவேண்டுமாம். "பொழுது சாய காப்பு. அதுக்குள்ள வந்துடு" என்றாள் அம்மா. "வந்துர்றேன்" என்றார்.

பொழுது சாய்ந்தது. எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டினார்கள். பம்பை மேளம் முழங்கியது. பூசாரி மஞ்சள் கயிற்றை அம்மன் சூலத்தில் சுற்றி, பிறகு ஊர்க்கவுண்டர் கையில் கட்டினார். அவர் கையில் கட்டினால் ஊரில் உள்ள எல்லோருக்கும் கட்டின மாதிரி. மாமா எல்லோருக்கும் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா மட்டும் ரோட்டுப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கடைசி பஸ் வந்து போயிற்று. அப்பா அதில் வரவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். சட்டையெல்லாம் கசங்கியிருந்தது. கம்பெனி திறக்கவில்லையாம். பஸ் ஸ்டாண்டில் தூங்கிவிட்டாராம், பஸ் போய்விட்டதாம்.

"காப்பு கட்டற அன்னிக்கு வுட்டியே, இன்னா மனுசன் நீ" என்று அம்மா திட்டினாள். அவர் கல்லில் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு டேப் அக்கா வந்து வெறும் குட்டையைப் பார்த்து நின்றார். மாமா பக்கத்தில் நின்று, "சாமி விஷயம் பாருங்க" என்று உருகினார். அப்போதுதான் அம்மா, ஊர்க்கவுண்டர் முன்னால் போய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டாள்.

"இரும்புதான மண்ணுல படக்கூடாது, கவுண்டரே? மூங்கிக் கூட படலாமில்ல?"

வெட்டிப் போட்ட மண் குழியோரமெல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தது. அதைக் கையால் அள்ளி மூங்கில் கூடையில் கரைக்குக் கொண்டுபோய்க் கொட்டி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்தலாம். இரும்பு எங்கேயும் வராது. ஊர்க்கவுண்டர் தாடையைத் தேய்த்தார். நெஞ்சில் வெள்ளைக்காரி சிரித்தாள். "மூங்கியப் பத்தி எங்கப்பன் ஒண்ணும் சொல்லலியே" என்றார். அவ்வளவுதான். அரை மணியில் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் சாணிக்கூடை, நெல்லுக்கூடை, கோழி மூடுகிற கூடை என்று கிடைத்ததை எடுத்துக்கொண்டு குட்டையில் இறங்கிவிட்டார்கள். கரையில் வரிசையாக நின்று ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மண்ணை மிதித்தார்கள். பம்பைக்காரன் சும்மா இருப்பானா? அவனும் வந்து அடித்தான். நானும் மிதித்தேன். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை லாரி வந்தது. எல்லைத் தோரணத்துக்கு வெளியே நின்று ஆரன் அடித்தது. மாமா ஓடினார். ஆள் கிடைக்காத பதற்றத்தில் அங்கேயும் இங்கேயும் கெஞ்சிப் பார்த்தார். நாலைந்து ஆண்கள் மனசு மாறுகிற மாதிரி இருந்தது. அப்போது ஊர்க்கவுண்டர் சாவகாசமாக வந்து கயிறு கட்டிய கையைத் தூக்கிக் காட்டினார்.

"காப்பு அவுக்கற வரைக்கும் ஒருத்தரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. தெரியாதா?"

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. இரும்பு படக் கூடாது என்பது அவருக்கு ஞாபகம் இருந்தது. ராத்தங்கக் கூடாது என்பது மறந்துபோயிருந்தது. எத்தனையோ வருஷமாக அவர் கிடா வெட்டுகிற அன்றைக்குத்தான் ஊருக்கு வருவார், கறி தின்றுவிட்டுக் கிளம்புவார். காப்பு அவரைத் தொட்டதே இல்லை. இந்த வருஷம்தான் எல்லோருக்கும் முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நான் போயி மொதலாளிகிட்ட சொல்லிட்டாச்சும் வர்றேங்க..."

"உன்னையும் சேத்துத்தான்பா" என்றார் ஊர்க்கவுண்டர்.

தன் கையாலேயே தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்டார் மாமா! ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தேன். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை. வெறும் வண்டியோடு போனால் முதலாளி வேறு மேஸ்திரியைப் பார்த்துக்கொள்வார் என்றான். மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்ததும் அம்மாவின் சிரிப்பு நின்றுபோனதை நான் கவனித்தேன். எனக்குப் பயம் வந்தது. காப்பு அவிழ்த்ததும் இவள் இவருக்காகப் போய்விடுவாள் என்று தோன்றியது.

அப்போதுதான் அப்பா கல்லிலிருந்து எழுந்து போனார். காப்பு கட்டின நேரத்தில் ஊருக்குள் இல்லாதவரைக் காப்பு கட்டாது. அது எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரில் அன்றைக்குக் காப்புக்கு வெளியே இருந்தவர் அவர் ஒருவர்தான். மாமாவை லாரிக்குப் பின்பக்கம் கூட்டிப்போனார். இருவரும் பேசினார்கள். அப்பா விரலை நீட்டி எதையோ கண்டிப்பாகச் சொல்வதும், மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவதும் தெரிந்தது. அப்பா கண்டிப்பாகப் பேசி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து திருப்பூர்ப் பையை எடுத்தார். "நான் ஒரு எட்டு போய்ட்டு வர்றேன்" என்றார். அம்மா ஏன் என்று கேட்கவில்லை. என்னை இழுத்து முன்னால் உட்காரவைத்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தாள். காலையில்தான் பின்னியிருந்தாள். அதை அவிழ்த்து மறுபடி பின்னத் தொடங்கினாள். இழுத்தாள் பாருங்கள், அப்பப்பா! மண்டைத் தோலே பிய்ந்துவிடும் போலிருந்தது. அந்த இறுக்கம் எனக்குத் தெரியும். அது கிளம்புகிற நாளின் இறுக்கம்.

"நீயும் போறியாம்மா?" என்று அலறினேன்.

"இல்ல. திரும்பாத."

"வலிக்குதும்மா."

"திரும்பாதடி."

தலையைத் திருப்ப விடாமல் பிடித்திருந்ததால் அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு நேர் எதிரே ரோடுதான் தெரிந்தது. அப்பா லாரியை நோக்கி நடந்தார். டிரைவர் பக்கத்து இடம் காலியாக இருந்தது. அவன் கதவைக்கூடத் திறந்துவிட்டான். அப்பா அதில் ஏறாமல் பின்னால் போய்ப் பலகையைப் பிடித்து ஏறி, ஊர்ச்சனம் அத்தனை பேருக்கும் போட்டிருந்த வெறும் பலகைகளுக்கு நடுவில் தனியாக உட்கார்ந்தார். காற்று வாங்கத்தான் பின்னால் ஏறினார் என்று நினைத்தேன். முதுகு ஊர்ப்பக்கம் இருந்தது. லாரி திரும்பும்போது நான் கையாட்டினேன். அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

காப்பு அவிழ்ந்தது. கிடா வெட்டினார்கள். மாமா எங்கள் வீட்டில் உட்கார்ந்து கறி தின்றார். தோட்டத்தைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருஷமும் பேசவில்லை, அதற்கடுத்த வருஷமும் பேசவில்லை. என் சிவப்பு ரிப்பனை அம்மன் கோயில் வேப்ப மரத்தில் கட்டி, அம்மா போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அதன் மகிமைதான் என்று நம்பினேன். குட்டை வேலை தொடர்ந்து நடந்தது. ஆடியில் மழை பெய்து குட்டை நிரம்பியபோது நான் உட்கார்ந்த திட்டின் உச்சி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. அதன் பிறகு ஒரு நாள்கூட நான் ஆஸ்டலில் படுக்கவில்லை.

ஒரு எட்டு என்று போன அப்பா தோட்டத்திலேயே தங்கிவிட்டார். முதலில் பறிப்பு, பிறகு களம், இப்போது அங்கேயே வாட்ச்மேன். திருவிழாவுக்கு வருவார். எப்போதும் காப்பு கட்டிய மறுநாள்தான் வருவார். ரெண்டு நாள் இருப்பார், கிளம்புவார். போனில் இன்றைக்கும் எங்கள் பேச்சு "சாப்ட்டியா", "சாப்ட்டேன்" என்ற அளவிலேயே நிற்கிறது.

நான் இப்போது வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன மாசம் ஊருக்குக் கிளம்பியவள் ஆலங்காயம் வந்து சேர நேரமாகிவிட்டது. கடைசி பஸ் போயிருக்கும் என்று நினைத்து ஓடிவந்தால், பஸ் நின்றுகொண்டிருந்தது. எங்கள் ஊர் ஆள் ஒருவர் நான் வாணியம்பாடியில் பஸ் ஏறுவதைப் பார்த்ததாகச் சொன்னாராம். அதற்காகக் கண்டக்டர் நிறுத்தி வைத்திருந்தார். நன்றி சொன்னேன்.

"இதுக்கு இன்னாம்மா நன்றி? எங்கப்பா காலத்துலேர்ந்து இப்டித்தான். ஸ்டாண்டுல யாராச்சும் தூங்கினாக்கூட எழுப்பி ஏத்திக்கினுதான் வண்டி எடுப்பாங்க. உங்க மலைக்கி இத வுட்டா வேற வண்டி ஏது?"

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு கையகலம். ஒரு கோடியில் நின்று பார்த்தால் மறு கோடியில் யார் கண் மூடியிருக்கிறார், யார் திறந்திருக்கிறார் என்று தெரியும். பஸ் நகரத் தொடங்கிய பிறகும் நான் அந்த சிமெண்டு பெஞ்சுகளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காப்பு கட்டினவர் ராத்தங்கக் கூடாது என்பதை, மாமாவின் திட்டத்தில் இருந்த அந்த ஓட்டையை, முன்னாலேயே பார்த்தவர் ஒருவர் இருந்தார். அன்றைக்கு யாரோ கண்டக்டர் தோளைத் தொட்டு எழுப்பியிருப்பார். "நான் வரல, நீ போப்பா" என்று அவர் சொல்லியிருப்பார். அந்த லாரியில் எங்கள் வீட்டிலிருந்து ஓர் ஆள் போயே ஆகவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

பத்து வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விஷயம். அப்பா பஸ்ஸை விட்டுவிட்டார். அம்மா வீட்டில் இருக்கிறாள். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.